எம்.எம்.ஏ. ஃபைட்டர் ஆவது எப்படி? டெல்டா பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். கபடி ஆடிக்கொண்டிருந்தவன் 21 வயதில் எம்.எம்.ஏ. (மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ், பல சண்டைக் கலைகள் கலந்த ஆட்டம்) பக்கம் போனேன். ஏழு வருடம் தொழில்முறையாக ஆடினேன். 11 ஃபைட், 6 வெற்றி, 5 தோல்வி. இப்போது ஊரிலேயே ஒரு பழைய நெல் குடோனில் மேட் விரித்து, சாயந்திரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நேரிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருகின்றன. அவசரத்தில் ஆளுக்குப் பாதிப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கே உறுத்தலாக இருக்கிறது, அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதிவிட்டேன்.

இது டி.வி.யில் வரும் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மாதிரிதானே?

இல்லை. அதில் யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவாகிவிடும். அதற்கும் உடம்பும் துணிச்சலும் வேண்டும்தான், ஆனால் அது போட்டி கிடையாது. எம்.எம்.ஏ.வில் குத்தலாம், உதைக்கலாம், முழங்கை முழங்கால் போடலாம், தூக்கிக் கீழே போடலாம், கீழே விழுந்த பிறகும் கழுத்தை இறுக்கியோ மூட்டைப் பூட்டியோ எதிராளியைத் தட்ட வைக்கலாம். தட்டுவது என்றால் கையால் அவன் உடம்பிலோ தரையிலோ தட்டி "போதும்" என்று சொல்வது. பாக்ஸிங், முவாய் தாய், மல்யுத்தம், ஜூடோ, பிரேசிலிய ஜியு ஜிட்சு எல்லாம் ஒரே கூண்டுக்குள் வந்து கலந்த ஆட்டம் இது.

விதியே இல்லாத சண்டை என்று என் மாமா சொல்கிறார். உண்மையா?

மாமா சொல்வது 1993-க்கு ஓரளவு பொருந்தும். அந்த வருடம் நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இன்றைக்கு எம்.எம்.ஏ.வின் பெரிய அமைப்பான யு.எஃப்.சி.யின் முதல் போட்டி நடந்தபோது எடைப் பிரிவும் இல்லை, மதிப்பெண் போடும் நடுவர்களும் இல்லை. ஒரே இரவில் மூன்று பேரை ஜெயித்தவர் பிரேசிலின் ராய்ஸ் கிரேசி, பார்ப்பதற்கு ஒல்லியான ஆள், ஜெயித்தது முழுக்கப் பிடியால்தான். குத்துச்சண்டைதான் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் தரையில் நடப்பதைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது அப்படி இல்லை. 2000-ஐ ஒட்டி நியூஜெர்சியில் உருவான பொது விதிகளைத்தான் பெரும்பாலான இடங்களில் பின்பற்றுகிறார்கள். சாதாரண ஃபைட் ஐந்து நிமிட ரவுண்டாக மூன்று, பட்டத்துக்கான ஃபைட் என்றால் ஐந்து. பாக்ஸிங் மாதிரியே ஜெயித்தவனுக்கு 10, மற்றவனுக்கு 9 அல்லது 8 என்று ஒவ்வொரு ரவுண்டுக்கும் மதிப்பெண். தலையால் முட்டுவது, கண்ணில் விரல் விடுவது, கடிப்பது, பிடரியில் குத்துவது, கவட்டையில் அடிப்பது, விரலைத் தனியாகப் பிடித்து முறுக்குவது, தரையில் இருப்பவன் தலையில் உதைப்பது எல்லாம் தப்பு. விதி மாறிக்கொண்டும் இருக்கிறது: மேலிருந்து செங்குத்தாக இறக்கும் முழங்கை இருபது வருடத்துக்கு மேல் தடையில் இருந்து, 2024 நவம்பரில்தான் அமெரிக்க விதிகளில் அனுமதியானது. அதனால் ஃபைட்டுக்கு முன் நடக்கும் விதி விளக்கக் கூட்டத்தில் தூங்காமல் உட்காருங்கள்.

நான் கபடி ஆடுகிறேன். அது போதுமா?

டெல்டாவில் இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. வடுவூர் பக்கமெல்லாம் போனால் நடக்கப் பழகிய பிள்ளை கூட கணுக்கால் பிடி போடும். நல்ல அடித்தளம்தான். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பது, அரை நொடியில் பாய்வது, பிடித்த பிடியை விடாமல் இருப்பது, இவையெல்லாம் பட்டணத்துப் பையன்கள் இரண்டு வருடம் செலவழித்துக் கற்றுக்கொள்பவை.

ஆனால் ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வரும். கபடியில் கேட்ச் போடும்போது தலையைத் தாழ்த்தி உள்ளே விடுவோம், ஏனென்றால் அங்கே யாரும் நம் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். பெங்களூரில் ஜிம்முக்குப் போன முதல் நாள், எனக்கு ஜோடியாக ஒரு ஒடிசலான காலேஜ் பையனை விட்டார்கள். 55 கிலோ இருப்பான். இவனைத் தூக்க எத்தனை நேரம் என்று நினைத்துக்கொண்டு தொடைப் பிடிக்குப் பாய்ந்தேன். தூக்கவும் தூக்கினேன். அதற்குள் என் கழுத்து அவன் கக்கத்தில் இருந்தது. கிலட்டின் சோக் என்பார்கள். காதுக்குள் ஆற்று மதகைத் திறந்த மாதிரி ஒரு இரைச்சல். நான் தட்டவில்லை, நம்ம ஊர் வீம்பு. கண் திறந்தபோது மேலே டியூப் லைட் தெரிந்தது, அந்தப் பையன் என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் கோச் என்னை ஒரு மணி நேரம் தட்டுவதற்கு மட்டும் பழக்கினார். பிடி, தட்டு, விடு. பிடி, தட்டு, விடு.

அதனால் கபடிக்காரர்களே, முதலில் இரண்டு விஷயம். தாடையை இறக்கி, தலையை எதிராளியின் நெஞ்சோடு ஒட்டி உள்ளே போகப் பழகுங்கள். அப்புறம், தட்டப் பழகுங்கள்.

தட்டுவது கேவலம் இல்லையா?

இல்லவே இல்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கின்றன. சோக் சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள் மயக்கம். ஆர்ம்பார் என்ற கைப்பூட்டில் முழங்கை பின்பக்கம் மடங்கும். அது சத்தத்தோடு போனால் ஆறு மாதம், சில சமயம் வருடம், பயிற்சியே கிடையாது. பயிற்சியில் ஒரே நாளில் பதினைந்து தடவை தட்டியவன் மறுநாள் வந்து பதினாறாவது பிடியைக் கற்றுக்கொள்வான். தட்ட மறுத்தவன் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பான். என்னோடு சேர்ந்தவர்களில் என்னை விடத் திறமையான இரண்டு பேர் இப்படித்தான் ஒரே வருடத்தில் காணாமல் போனார்கள். எடை குறைப்பிலும் தலையில் வாங்கும் அடியிலும் இதே கதைதான், கீழே வருகிறது.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? டெல்டாவிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

பத்து வயதிலிருந்து ஜூடோ, மல்யுத்தம், சிலம்பம், கபடி எதுவும் ஆடலாம். தலையில் அடி விழும் ஸ்பாரிங்கை (ஜோடியாக நின்று அடித்துப் பழகும் பயிற்சி) மட்டும் தள்ளிப் போடுங்கள். நான் 16 வயதுக்குக் கீழே யாருக்கும் தலையில் குத்தும் ஸ்பாரிங் கொடுப்பதில்லை. இதில் பெற்றோர் கெஞ்சினாலும் நான் இறங்க மாட்டேன்.

அடிப்படை இங்கேயே கிடைக்கும். தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியம், மயிலாடுதுறை ராஜன் தோட்டத்தில் இருக்கும் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையம், இந்த இரண்டு இடத்திலும் நேரில் போய் இந்த வருடம் என்னென்ன பயிற்சி நடக்கிறது, சேர்க்கை எப்போது என்று விசாரியுங்கள். முழு எம்.எம்.ஏ. பயிற்சிக்கு ஒரு கட்டத்தில் வெளியூர் போகத்தான் வேண்டும். வகைவகையான ஆட்களோடு உருண்டால்தான் ஆட்டம் வளரும், ஊரில் அதே நாலு பேரோடு உருண்டால் அந்த நாலு பேரை மட்டும்தான் ஜெயிக்க முடியும். நான் கும்பகோணத்தில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறி பெங்களூர் போனேன். ராத்திரி முழுக்கப் பயணம், காலையில் இறங்கி நேராக ஜிம்.

புரொஃபஷனல் ஆவது என்றால் சரியாக என்ன? பரீட்சை இருக்கிறதா?

பரீட்சை இல்லை. முதலில் அமெச்சூர் ஃபைட்: மூன்று நிமிட ரவுண்டு, கொஞ்சம் பெரிய கிளவுஸ், காலுக்கு கார்டு, முழங்கை அடி கிடையாது. குறைந்தது ஐந்தாறு அமெச்சூர் ஃபைட் ஆடிவிட்டுப் போங்கள். புரொஃபஷனலில் கிளவுஸ் நாலு அவுன்ஸ்தான், ஏறக்குறைய வெறும் கை. அமெச்சூரில் தோற்றது மறந்துபோகும். புரொஃபஷனல் தோல்வி கடைசி வரை கணக்கில் நிற்கும். மேட்ச் மேக்கர் என்பவர் ஜோடி சேர்ப்பவர், அவர் முதலில் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அரசு கமிஷன் இருக்கிறது. டாக்டர், ரத்தப் பரிசோதனை, நாக் அவுட் ஆனவனுக்குக் கட்டாய ஓய்வு எல்லாம் அவர்கள் கையில். நம் நாட்டில் அப்படி ஒரு அரசு அமைப்பு இந்த ஆட்டத்துக்கு இல்லை. ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் நீங்களே கேளுங்கள்: கூண்டோரம் டாக்டர் உண்டா, ஆம்புலன்ஸ் நிற்குமா, எதிராளிக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை எடுத்தார்களா? ஒரு நகரத்தில் எனக்கு ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள். ஃபைட் முடிந்து புருவத்தில் ரத்தம் வழிய, ஆட்டோ பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழு தையல்.

எவ்வளவு சம்பாதிக்கலாம்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். என் முதல் புரொஃபஷனல் ஃபைட்டுக்கு 10,000 ரூபாய். ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, தலைக்கு சி.டி. ஸ்கேன், எனக்கும் கார்னரில் (கூண்டோரம் நின்று யோசனை சொல்ல) நின்றவருக்கும் ரயில் டிக்கெட் எல்லாம் போக, கையில் 1,700 நின்றது. எட்டு வாரம் பயிற்சிக்கு அதுதான் கூலி. 11 ஃபைட்டிலும் வாங்கிய மொத்தப் பணத்துக்கு ஒரு பழைய டிராக்டர் கூட வராது. அந்த ஏழு வருடமும் எனக்குச் சோறு போட்டது, காலை ஐந்தரை மணிக்கு ஐ.டி. ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாக்ஸிங் வகுப்பு.

மேலே போனால் பணம் இருக்கிறது, ஆனால் அங்கேயும் கணக்குப் போடத் தெரிய வேண்டும். யு.எஃப்.சி.யில் புதிதாக நுழைபவருக்குப் பல வருடமாக 10,000 டாலர் அல்லது 12,000 டாலர், ஜெயித்தால் அதே அளவு இன்னொரு மடங்கு, இப்படித்தான் ஒப்பந்தம் இருந்தது. அமெரிக்காவில் ஆடினால் வெளிநாட்டவருக்கு வரியாக 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். மேனேஜருக்கும் ஜிம்முக்கும் பங்கு. வருடத்துக்கு இரண்டு மூன்று ஃபைட்தான் கிடைக்கும். வீரர்களுக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று பழைய ஃபைட்டர்கள் போட்ட வழக்கை அந்த நிறுவனம் 37.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது, 2025-இல் கோர்ட் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கும்பகோணம் கோர்ட் வாசலில் இருக்கும் ஏதாவது ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை ஃபைட், எத்தனை வருடம் வேறு இடத்தில் ஆட முடியாது, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எடை குறைப்பது பற்றிப் பயமாக இருக்கிறது. எல்லோரும் செய்கிறார்களா?

பெரும்பாலும் செய்கிறார்கள். பயப்படவும் வேண்டும். எடைப் பிரிவுகள் இப்படி இருக்கும்: ஃப்ளைவெயிட் 56.7 கிலோ, பாண்டம்வெயிட் 61.2, ஃபெதர்வெயிட் 65.8, லைட்வெயிட் 70.3, அதற்கு மேலும் போகும். எடை பார்ப்பது ஃபைட்டுக்கு முந்தின நாள். அதனால் உடம்புத் தண்ணீரை வற்ற வைத்து எடையைக் காட்டிவிட்டு, மறுநாளுக்குள் திரும்ப ஏற்றிக்கொண்டு பெரிய உடம்போடு வருவார்கள்.

என் நாலாவது ஃபைட்டுக்கு ஃப்ளைவெயிட்டில்தான் ஆள் இருக்கிறது என்றார்கள். அப்போது நான் 66 கிலோ. மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கடைசி வாரம் உப்பை நிறுத்தி, கடைசி நாள் தண்ணீரையும் நிறுத்தி, லாட்ஜ் பாத்ரூமில் பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெந்நீர் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். வியர்வை நின்றுபோனது. சூயிங் கம் மென்று ஒரு டம்ளரில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தேன், அதுவும் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று. கண்ணை மூடினால் எங்கள் வாய்க்காலில் ஜூன் மாதம் மேட்டூர் தண்ணீர் நுரைத்து வருவதுதான் தெரிந்தது. எடை சரியாக வந்தது. மறுநாள் இரண்டாவது ரவுண்டில் கால் சொன்னபடி கேட்கவில்லை, தோற்றேன். ஒரு வாரம் சிறுநீர் பழுப்பாகப் போனது.

நான் தப்பித்தேன். சீனாவின் யாங் ஜியன் பிங் தப்பிக்கவில்லை. 2015 டிசம்பரில் மணிலாவில், ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய எம்.எம்.ஏ. அமைப்பின் ஃபைட்டுக்காக எடை குறைக்கப் போய் இறந்தார், வயது 21. அதற்குப் பிறகுதான் அந்த அமைப்பு உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்த பிறகே எடையை ஏற்பது என்று விதியை மாற்றியது.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் அளவு இது: சாதாரண எடையிலிருந்து மூன்று நாலு கிலோவுக்கு மேல் இறங்க வேண்டிய பிரிவில் ஆடாதே. மீதியை எட்டு வாரத்தில் சாப்பாட்டால் குறை. அதற்கு ஒப்புக்கொள்ளாத ஃபைட் போனால் போகட்டும்.

என்ன சாப்பிட வேண்டும்? புரோட்டீன் பவுடர் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. முட்டை, மீன், கோழி, கொண்டைக்கடலை, தயிர் போதும். காலையில் கடினப் பயிற்சி முடித்து பழைய சோற்றில் மோரும் உப்பும் போட்டுக் குடித்தால் போன நீரும் உப்பும் திரும்ப வரும், அதற்கு மேல் ஒரு டப்பா பானமும் தேவையில்லை. சோறு கொழுப்பு என்று ஒதுக்காதீர்கள், அளவைப் பாருங்கள். ஜிம்மில் யாராவது ஊசி என்று பேச்செடுத்தால் அந்த ஜிம்மை விட்டே வந்துவிடுங்கள்.

தலையில் அடி வாங்கினால் பிற்காலத்தில் பிரச்சினை வருமா?

வரலாம். திரும்பத் திரும்ப வாங்கும் அடி சேர்ந்துகொண்டே போகும். மறதி, கோபம், தூக்கமின்மை என்று பல வருடம் கழித்தும் காட்டும். நாக் அவுட் மட்டும் கணக்கு இல்லை, தினமும் ஸ்பாரிங்கில் வாங்கும் சின்னச் சின்ன அடிகளும் கணக்குதான்.

என் கடைசி ஃபைட்டில் தலையில் ஒரு உதை. விழுந்தது எனக்கு நினைவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து "யார் ஜெயித்தது?" என்று கேட்டேனாம், சொன்னார்களாம், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேனாம். நாலு தடவை. டாக்டர் 90 நாள் தலையில் எதுவும் படக்கூடாது என்றார். நான் நாற்பதாவது நாளே ஸ்பாரிங்குக்குப் போனேன், ஒரு சாதாரண ஜாப் (முன்கையால் போடும் நேர்குத்து) பட்டு இரண்டு நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத தலைவலி. அதோடு நிறுத்திவிட்டேன். அப்போது வயது 29. இன்னும் நாலைந்து வருடம் ஆடியிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் வந்ததே இல்லை, இன்றைக்கு என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது வார்த்தை தடுமாறவில்லை.

கடின ஸ்பாரிங் வாரம் ஒரு நாள் போதும். மயக்கம், வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் அன்றே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள்.

உடம்பெல்லாம் படர்தாமரை வருகிறதே, என்ன செய்வது?

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இது பெரிய தொல்லை, யாரும் வெளியே சொல்வதில்லை. மெடிக்கலில் கேட்டவுடன் கொடுக்கும் கலப்பு கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மூன்று நாளில் அரிப்பு அடங்கும், அப்புறம் இரண்டு மடங்காகப் பரவும். தோல் டாக்டரைப் பாருங்கள், சொன்ன நாள் வரை மருந்து போடுங்கள், அதுவரை மேட்டுக்கு வராதீர்கள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சோப்புப் போட்டுக் குளியல், துணிகளை வெயிலில் காயப் போடுவது, அடுத்தவன் துண்டைத் தொடாமல் இருப்பது, இவ்வளவுதான். காது வீங்கி ரத்தம் கட்டினாலும் உடனே டாக்டரிடம் போய் எடுத்துவிடுங்கள், விட்டால் அப்படியே இறுகி பூக்கோசு மாதிரி நின்றுவிடும்.

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. என்ன சொல்லிப் புரிய வைப்பது?

இது புதுப் பிரச்சினை இல்லை, தம்பி. உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, அப்பாவோடு ஒத்துப்போகாமல் வெளியே இருந்தவன், ஆமூரில் ஒரு பெரிய மல்லனை அடித்து வீழ்த்தினான். புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார் அதைப் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பில், இன்னொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது. முதல் தடவை அதைப் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு நாங்கள் மேட்டில் போடும் முழங்கால் அழுத்தத்துக்கு அவ்வளவு பக்கம். அதே பாட்டில் புலவர், தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதைப் பார்க்கட்டும் என்கிறார்.

என் அப்பா ஒரு ஃபைட்டுக்கும் வந்ததில்லை. அடி வாங்குவதைப் பார்க்க முடியாது என்பார். நாலாவது தோல்விக்குப் பிறகு, கண் மூடிக்கொள்ளும் அளவு வீங்கி, விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கினேன். டி.வி.எஸ். 50-ஐ வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எதுவும் கேட்கவில்லை. பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, வழக்கமாக வேகமாக ஓட்டுபவர், அன்றைக்கு ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்.

வாதாடாதீர்கள். அப்பாவைக் கூட்டிவந்து பயிற்சியைக் காட்டுங்கள், ஒரு நாள் அவரே ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். வயல் வேலையையும் விட்டுவிடாதீர்கள். நான் நடவு நேரத்திலும் சம்பா அறுப்பு நேரத்திலும் ஃபைட் எடுத்ததே இல்லை, வீட்டில் பாதிச் சண்டை அதிலேயே அடங்கியது.

பெண் பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாக. உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பூஜா தோமர், 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண். ஸ்ட்ராவெயிட், 52.2 கிலோ. உஷூ என்ற சீனச் சண்டைக் கலை ஆடி வந்தவர். மல்யுத்தத்திலிருந்து வந்த ரீத்து போகட் 2021-இல் ஒன் சாம்பியன்ஷிப் பெண்கள் தொடரில் இறுதி வரை போனார். எங்கள் குடோனில் இப்போது ஏழு பெண் பிள்ளைகள். பிடியின் நுணுக்கத்தை ஆண் பிள்ளைகளை விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பலத்தை நம்ப முடியாததால் முறையை நம்புகிறார்கள். சேர்க்கும் முன் அம்மாவோ அப்பாவோ ஒரு வாரம் வந்து வகுப்பைப் பாருங்கள். பார்க்க விடாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

இதை வைத்து அரசு வேலை கிடைக்குமா?

இதை மட்டும் நம்பாதீர்கள். கபடி, ஜூடோ, பாக்ஸிங், மல்யுத்தம், சிலம்பம் இவற்றில் வாங்கும் சான்றிதழுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வழி இருக்கிறது. எம்.எம்.ஏ. ஒலிம்பிக்கில் இல்லை. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள், அதனால் நிலைமை மாறலாம். அதுவரை 19, 20 வயது வரை ஒரு பழைய ஆட்டத்தில் மாவட்டம், மாநிலம் என்று ஆடிவிட்டு, ஒரு டிகிரியோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு வாருங்கள். கையில் வேலை இருப்பவன்தான் மோசமான ஒப்பந்தத்துக்கு மாட்டேன் என்று சொல்வான்.

முதல் நாள் வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

கை, கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வாருங்கள், இது முதல் வேலை. மோதிரம், காப்பு, தோடு, தாயத்து எல்லாம் வீட்டில். வெள்ளி அரைஞாண் கொடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். உருளும்போது இரண்டு பேர் இடுப்பையும் கிழிக்கும். சாமிக் கயிறு நூலாக இருந்தால் பரவாயில்லை, மேலே டேப் சுற்றிக்கொள்ளலாம். ஜிப், பாக்கெட் இல்லாத டிராயர், உடம்போடு ஒட்டிய பனியன், தனித் துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர். கிளவுஸ் இப்போதே வாங்காதீர்கள். பல்லுக்கு மவுத் கார்டு மட்டும் வாங்கி, வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுத்துக்கொண்டு வாருங்கள்.

வகுப்பு ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே வந்துவிடுங்கள், மேட்டை முதலில் எல்லோரும் சேர்ந்து துடைக்க வேண்டும்.